மூச்சை எண்ணிப் பார்த்தீர்களா?

கேள்வி: 74 வயதாகும் என் தாயார் நிமோனியாவுக்குச் சிகிச்சை பெற்றுச் சென்ற வாரம் வீடு திரும்பினார். சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் உண்டு. மெட்டோபுரோலால் மாத்திரை சாப்பிடுகிறார். பி.பி. கருவி, ஆக்ஸிமீட்டர், தெர்மாமீட்டர் மூன்றையும் வாங்கி அடிக்கடி பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது. எதை நம்புவது? எப்போது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது?

பதில்: எண்கள் மாறுவதைக் கண்டு கலங்க வேண்டாம். பேசினாலும், நடந்தாலும், மனம் பதறினாலும் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஏறி இறங்கத்தான் செய்யும். நீங்கள் வாங்கிய மூன்று கருவிகளும் பயனுள்ளவையே. ஆனால், நிமோனியாவிலிருந்து தேறிவரும் ஒருவரிடம் நான் முதலில் கவனிப்பது, அவர் நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்பதைத்தான். மருத்துவமனை வார்டுகளில்கூட இது சரியாக எண்ணப்படுவதில்லை. எல்லா நோயாளிகளின் தாளிலும் 18 அல்லது 20 என்று ஒரே எண் எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது.

நுரையீரலில் சளி மீண்டும் கட்டினாலும், கிருமித்தொற்று ரத்தத்தில் பரவினாலும், சர்க்கரை மிக அதிகமாகி உடலில் அமிலம் சேர்ந்தாலும், உடல் முதலில் செய்வது மூச்சை வேகப்படுத்துவதுதான். அப்படி வேகமாக மூச்சு வாங்குவதாலேயே ஆக்ஸிமீட்டரில் சிறிது நேரம் வரை 96 என்ற நல்ல எண் தெரியக்கூடும். அந்த எண்ணை மட்டும் பார்ப்பவர், அதைத் தக்கவைக்க உடல் படும் பாட்டைக் கவனிக்கத் தவறிவிடுவார்.

எண்ணுவது எளிது. ஆனால் எண்ணுகிறோம் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சின் போக்கு மாறிவிடும். ஆகவே அம்மா ஓய்வாகப் படுத்திருக்கும்போது, நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வயிற்றின் மேல் கிடக்கும் போர்வை எத்தனை முறை எழுந்து தாழ்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 60 நொடி எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் பிழையும் நான்கு மடங்காகும். 12 முதல் 20 வரை இயல்பு. 20-ஐத் தாண்டினால் அரை மணி நேரத்தில் மறுபடியும் எண்ணிப் பார்த்து, குறையாவிட்டால் மருத்துவரிடம் பேசுங்கள். 25 அல்லது அதற்கு மேல் இருந்தால், மற்ற எண்கள் நன்றாக இருந்தாலும் உடனே அழைத்துச் செல்லுங்கள்.

உங்கள் தாயாரைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொற்று வந்தால் நாடித்துடிப்பு உயர்வது வழக்கம். மெட்டோபுரோலால் அந்த உயர்வைத் தடுத்துவிடும் என்பதால், நாடி 78 என்று இருப்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. முதியவர்களுக்குக் கடுமையான தொற்றிலும் காய்ச்சல் வராமல் போவதுண்டு. நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று நேரம் தெரியாமல், ஆள் தெரியாமல் பேசினாலோ, எழுப்பினாலும் மீண்டும் கண் அயர்ந்தாலோ, அதை வயதின் தளர்ச்சி என்று ஒதுக்காதீர்கள். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்ட எச்சரிக்கை மதிப்பெண் முறையில் (மதிப்பெண் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது என்று பொருள்), 2017-இல் செய்த திருத்தத்தின்போது புதிதாகத் தோன்றும் குழப்பத்துக்கு உச்ச மதிப்பெண்ணான 3 வழங்கப்பட்டது. மேல் ரத்த அழுத்தம் 90 அல்லது அதற்குக் கீழே இறங்கினாலும் அதே 3 மதிப்பெண்தான். குழப்பம் தெரிந்தவுடன் குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையிலும் இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்.

ரத்த அழுத்தம் பார்க்கும்முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும். பாதம் தரையில், கை இதய மட்டத்தில், பட்டை துணியின் மேல் அல்லாமல் தோலின் மேல் இருக்க வேண்டும். காபி குடித்த அரை மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டாம். ஆக்ஸிமீட்டரில் நகப்பூச்சும் மருதாணியும் குளிர்ந்த விரலும் எண்ணைக் கெடுக்கும். கருமையான தோலில் அது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டவும் வாய்ப்புண்டு. விரலைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைத்த பிறகே குறித்துக்கொள்ளுங்கள். ஓய்வில் 92 அல்லது அதற்குக் கீழ் நீடித்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வேறு தொந்தரவு இல்லாதபோது காலையும் மாலையும் பார்த்தால் போதும். மணிக்கொரு முறை பார்ப்பது அவரையும் உங்களையும் அலைக்கழிக்கும். நன்றாக இருக்கும் நாட்களின் எண்களை நேரத்துடன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அந்த நோட்டையும் பி.பி. கருவியையும் எடுத்துச் சென்று, மருத்துவரின் கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.