பழைய போர்வெல் மோட்டாரை எரியும் முன்பே மேலே ஏற்றி சர்வீஸ் செய்வது லாபமா?

கேள்வி இதுதான்: பாலக்கோடு பக்கம், எரிந்த மோட்டாருக்குக் காயில் (கம்பிச்சுருள்) கட்டும் கடை. போர்வெல்லில் மோட்டார் இறக்கிய தேதியும் எரிந்து வந்த தேதியும் நோட்டில் இருக்கின்றன. நாளான மோட்டாரை முன்கூட்டியே ஏற்றச் சொல்லலாமா?

மோட்டார் தேய்ந்து சாகிறதா, அடிபட்டுச் சாகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் விட்டுப்போய் எரிவது வயசைப் பார்த்து வருவதில்லை. அப்படிப்பட்ட ஆயுள் எக்ஸ்போனென்ஷியல் பரவலில் அடங்கும். அதாவது, பழையதற்கும் புதியதற்கும் அடுத்த மாதம் எரியும் வாய்ப்பு ஒன்றே. அதை மாற்றுவது தண்டச் செலவு. புஷ், த்ரஸ்ட் பேரிங் தேய்வதும் இன்சுலேஷன் நைவதும் வேறு கதை. அங்கே மணி ஏற ஏற ஆபத்தும் ஏறும்.

இரண்டில் எது என்று சோதிக்க ஒரு கால்குலேட்டர் போதும். கணக்குக்காக ஆறு மோட்டார்கள், ஓடிய மணி: 1400, 2000, 2600, 3100, 3500, 4200. ஒவ்வொன்றும் எரிந்த நேரம் வரை ஆறும் சேர்ந்து எத்தனை மணி ஓடின என்று கூட்டுங்கள். முதலாவது எரியும்வரை 6 × 1400 = 8400. பிறகு ஐந்து மோட்டார் 600 மணி, ஆக 11400. இப்படியே 13800, 15300, 16100, கடைசியில் 16800. முதல் ஐந்தையும் 16800-ஆல் வகுத்தால் 0.50, 0.68, 0.82, 0.91, 0.96, கூட்டினால் 3.87. வயசாகாத மோட்டாருக்கு, அதாவது மணி ஏறினாலும் ஆபத்து ஏறாததற்கு, இந்தக் கூட்டுத்தொகை சராசரியாக 5/2 = 2.5, திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி வழக்கமாக வரும் ஏற்ற இறக்கம்) 5/12-இன் வர்க்கமூலம், அதாவது 0.645. வித்தியாசம் 1.37, அதை 0.645-ஆல் வகுத்தால் 2.12. இது 1.645-ஐத் தாண்டுவதால், 5 சதவீத மட்டத்தில் (வயசாகாத மோட்டாருக்குத் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு), தேய்மானம் உண்டு என்று சொல்லலாம்.

ஓடிய மணியைத்தான் எடுக்க வேண்டும், தேதியை அல்ல. மழைக்காலத்தில் சும்மா கிடந்த மாதங்கள் கணக்கைக் குலைத்துவிடும். ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு ஹவர் மீட்டர் மாட்டுங்கள்.

பெரிய ஆபத்து நோட்டிலேயே இருக்கிறது. கடைக்கு வருவது எரிந்த மோட்டார் மட்டும். இன்னும் நன்றாக ஓடுபவற்றை விட்டுவிட்டால் நீண்ட ஆயுள்கள் எல்லாம் கழிந்துபோகும். வயசாகாத மோட்டாரும் வயசாவது போலத் தெரியும். அதனால் ஓடிக்கொண்டிருப்பவற்றின் மணியையும் அந்தந்த இடைவெளியில் சேர்த்தே ஆக வேண்டும்.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. 300 அடி போரையும் 1000 அடி போரையும் ஒரே பட்டியலில் போட்டால், மோசமான இடத்து மோட்டார்கள் சீக்கிரம் எரிந்து, நல்ல இடத்தவை மட்டும் மிஞ்சும். நாளாக நாளாக மோட்டார் உறுதியாவது போலக் காட்டும். போயிங் 720 விமானங்களின் ஏசி பழுதுகளில் இதே கலப்புதான் நடந்தது என்று 1963-இல் புள்ளியியலாளர் பிராங்க் புரோஷான் விளக்கினார். ஆழம், குதிரைத்திறன், எரிந்த காரணம் என்று பிரித்த பிறகே சோதியுங்கள்.

காயில் கட்டி மறுபடி இறக்கிய மோட்டாருக்கு இந்தச் சோதனை பொருந்தாது. ஆயுள்களை ஏறுவரிசையில் அடுக்கினால் எது முதலில் வந்தது என்பது தொலைந்துவிடும். அதற்கு லாப்லாஸ் சோதனை: ஒரே மோட்டாரை முதலில் இறக்கியதிலிருந்து எண்ணி, அது எரிந்த நேரங்களின் சராசரியிலிருந்து கவனித்த மொத்த நேரத்தில் பாதியைக் கழித்து, மொத்த நேரத்தை, பழுதுகளின் எண்ணிக்கையை 12-ஆல் பெருக்கிய தொகையின் வர்க்கமூலத்தால் வகுத்து வரும் எண்ணால் வகுக்கவும். 1.645-க்கு மேல் வந்தால் பழுதுகள் நெருங்கி வருகின்றன.

தேய்மானம் உறுதியானாலும் உடனே கழற்றச் சொல்லாதீர்கள். ஏற்றி இறக்கும் கூலி இரண்டு வழியிலும் ஒன்றே. எரிந்தபின் காயில் கட்டும் செலவும், அந்த நாட்களில் தக்காளிப் பயிர் காய்வதால் வரும் நஷ்டமும் சேர்ந்து, முன்கூட்டிய சர்வீஸ் செலவை நன்றாகத் தாண்டினால் மட்டுமே லாபம்.