குழந்தை ஏன் தரையில் நிற்பதாகத் தெரியவில்லை?

கேள்வி: எனக்கு ஆறு வயதில் ஒரு மகளும் மூன்று வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். மொட்டைமாடியில் எடுத்த அவர்களுடைய படத்தை வெட்டி, ஏற்காடு ஏரிக்கரையில் பனிமூட்டத்தின்போது எடுத்த படத்தில் சேர்த்தேன். விளிம்புகளைச் சுத்தமாக வெட்டியும் ஸ்டிக்கர் ஒட்டியது போலத்தான் இருக்கிறது. வளைகுடா நாட்டில் வேலை செய்யும் என் கணவரையும் சேர்த்து ஒரு குடும்பப் படம் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. இதை எங்கிருந்து கற்கத் தொடங்குவது? வகுப்பில் சேர வேண்டுமா? — ஒரு வாசகி, அழகாபுரம், சேலம்

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டு மூலப் படங்களையும் பார்த்தேன். வெட்டியதில் குறையில்லை. மாடியில் உச்சிவெயிலில் நிற்கும் உங்கள் மகளுக்குக் கண்குழியிலும் தாடைக்குக் கீழும் கத்தியால் கீறியது போல நிழல் விழுந்திருக்கிறது. ஏரிக்கரைப் படத்திலோ நான்கு பக்கமிருந்தும் மெல்லிய வெளிச்சம் வருவதால் மரத்துக்குக்கூட நிழல் இல்லை. அது போக, மாடியில் நீங்கள் நின்றுகொண்டு குழந்தைகளைக் குனிந்து பார்த்து எடுத்திருக்கிறீர்கள். ஏரியை நேர்மட்டமாகப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள். இந்த இரண்டு முரண்பாடுகளையும் எந்த மென்பொருளாலும் முழுதாக மறைக்க முடியாது. பல படங்களை இணைத்துச் செய்யும் கூட்டுப்படம் கணினியில் உருவாவதாகப் பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அதன் பெரும்பகுதி கேமராவை அழுத்தும்போதே முடிந்துவிடுகிறது.

ஆகவே முதல் மாதம் எதையும் வெட்டாதீர்கள். கேமராவை வீட்டு ஹாலில் ட்ரைபாடில் பொருத்தி, எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், வெள்ளைச் சமன் (நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) மூன்றையும் கைமுறைக்கு மாற்றிப் பூட்டிவிட்டு, மகளை ஒருமுறை சோபாவில் படிக்கவும், ஒருமுறை தரையில் படம் வரையவும், ஒருமுறை ஜன்னலோரம் நிற்கவும் சொல்லி மூன்று படங்கள் எடுங்கள். ஓர் உருவம் இன்னோர் உருவத்தின் மேலே விழாதபடி இடம் விட்டால் போதும். மூன்றையும் லேயர்களாக, அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மாஸ்க்கில் (லேயரின் வேண்டாத பகுதியை அழிக்காமல் மறைக்கும் திரையில்) அகலமான மெல்லிய பிரஷால் தடவினாலே ஒரே ஹாலில் மூன்று மகள்கள் இருப்பார்கள். கேமரா அசையவில்லை, வெளிச்சம் மாறவில்லை என்பதால் முடியிழை முடியிழையாக வெட்டும் வேலையே இதில் இல்லை. குடும்பப் படத்தில் ஒருவர் சிரிக்கும்போது இன்னொருவர் கண்ணை மூடிவிடும் பழைய தொல்லைக்கும் மருந்து இதுதான்: ட்ரைபாடை அசைக்காமல் இருபது படங்கள் எடுத்து, ஒவ்வொருவருக்கும் நன்றாக அமைந்த முகத்தை ஒன்றில் சேர்த்துவிடலாம்.

இந்த உத்தி நம் ஊருக்குப் புதிதல்ல. 1935இல் டி.ஆர்.சுந்தரம் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா நிறுவனம், 1940இலேயே பி.யு.சின்னப்பாவை இரட்டை வேடத்தில் நடிக்க வைத்துப் படம் எடுத்தது. அந்தக் காலத்தில் இரட்டை வேடக் காட்சிகளுக்கு, கேமராவை அசையாமல் நிறுத்தி, காட்சியின் ஒரு பாதியை மறைத்துப் படம் பிடித்து, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து மீண்டும் பிடிப்பதே பரவலான வழக்கம். ஏற்காடு சாலையில் அந்த நிறுவனத்தின் முகப்பு வளைவைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்த அசையாத கேமராதான்.

இந்த ட்ரைபாட் பயிற்சி கைவந்த பிறகு இரண்டு இடங்களில் எடுத்த படங்களை இணைக்கலாம். இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் கருவி ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ஸ்டூல். ஏரிக்கரையில் குழந்தை நிற்பதாக நீங்கள் நினைக்கும் இடத்தில் ஸ்டூலை வைத்து ஒரு படம், அதை அகற்றிவிட்டு ஒரு படம். ஸ்டூலிலிருந்து கேமரா எத்தனை அடி தள்ளியிருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எந்த லென்ஸ் என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வீட்டில் அதே லென்ஸ், அதே தூரம், அதே உயரத்தில் குழந்தையின் பக்கத்தில் அதே ஸ்டூலை வைத்துப் படம் எடுங்கள். இரண்டு படங்களிலும் ஸ்டூலின் எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறது, கால்களுக்கு அடியில் நிழல் எவ்வளவு கருப்பு, வெள்ளை நிறம் நீலம் பாய்ந்திருக்கிறதா மஞ்சள் பாய்ந்திருக்கிறதா, மேற்பலகை எவ்வளவு தெரிகிறது என்று ஒப்பிடுங்கள். மேற்பலகை ஒன்றில் அகலமாகவும் ஒன்றில் கோடாகவும் தெரிந்தால் கேமரா உயரம் தவறிவிட்டது என்று பொருள். இரண்டு ஸ்டூல்களும் ஒத்துப்போனால் குழந்தையும் ஒத்துப்போகும்.

உயரத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சமதரையில் கேமரா நான்கடி உயரத்தில் நேர்மட்டமாக இருந்தால், நான்கடி உயரமுள்ள பிள்ளையின் உச்சந்தலை, அவள் அருகில் நின்றாலும் தொலைவில் நின்றாலும், அடிவானக் கோட்டைத்தான் தொடும். மலையும் மரமும் அடிவானத்தை மறைக்கும் ஏற்காட்டில் அந்தக் கோட்டை ஊகிக்க வேண்டியிருப்பதால்தான் ஸ்டூல் இன்னும் உதவுகிறது.

பனிமூட்டத்து வெளிச்சத்தைச் சேலத்தில் எப்படிக் கொண்டுவருவது? ஏப்ரல், ஆகஸ்ட் மாதங்களின் பின்பாதியில் இங்கே நண்பகலில் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சிக்கே வந்துவிடும். அந்த நேரத்தில் மாடிக்குப் போகவே வேண்டாம். காலையில் வெயில் ஏறுமுன் எடுக்கலாம். அல்லது துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றை நான்கு மூலையிலும் கயிறு கட்டித் தலைக்கு மேலே விரித்து, அதன் அடியில் குழந்தையை நிறுத்தலாம்; கடும் வெயில் அதில் வடிந்து மிருதுவாகிவிடும். குழந்தைக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இருக்கட்டும். பின்னணியை எளிதாக நீக்குவதற்காகப் பின்னால் கட்டும் பச்சைத் திரையை நான் பரிந்துரைப்பதில்லை. கன்னத்திலும் காதோரத்திலும் ஏறும் பச்சையை நீக்குவதற்குள் பொழுது போய்விடும். வெண்மூட்டத்தில் வைக்கப்போகும் பிள்ளையை வெள்ளைச் சுவருக்கு முன் எடுத்தால், முடியோரத்தில் மிஞ்சும் வெண்மை மூட்டத்தோடு கலந்துவிடும். தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி இரட்டைச் சடை பின்னிவிட்டால் வெட்டும் வேலை பாதியாகக் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மகள் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணினி வேலையில் லேயர், மாஸ்க், கர்வ்ஸ் (வெளிச்சத்தையும் கருமையையும் கூட்டிக் குறைப்பது), மல்டிப்ளை (கீழே உள்ள படத்தைக் கருக்கச் செய்யும் லேயர் முறை) என்னும் நான்கையும் கற்றால் போதும். ஃபோட்டோஷாப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். இலவசமான ஜிம்ப்பிலும், பிரவுசரிலேயே திறக்கும் ஃபோட்டோபீயாவிலும் இவை நான்கும் உண்டு. மூட்டத்தில் கருப்பு நிறம் வெளுத்துவிடும் என்பதால், குழந்தைக்குச் சமமான தூரத்தில் நிற்கும் மரத்தின் அடிப்பகுதியைப் பார்த்து, குழந்தையின் தலைமுடி அதைவிட மிகவும் கருப்பாகத் தெரியாதபடி கர்வ்ஸில் அதைச் சற்று வெளுக்க வையுங்கள். பாதத்தை ஒட்டி மெல்லிய கருங்கோடு ஒன்று, அதைச் சுற்றிப் பரவி மறையும் சாம்பல் நிழல் ஒன்று என இரண்டு நிழல்களை மல்டிப்ளை லேயரில் வரையுங்கள். புல்தரையாக இருந்தால் செருப்பின் விளிம்பை நான்கைந்து புல் இதழ்கள் மறைக்க வேண்டும்.

இந்த நிழலை விட்டுவிட்டு நான் ஒருமுறை அவமானப்பட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், வெளிநாட்டிலிருந்த ஒருவரின் படத்தை அவர் வீட்டுக் குடும்பப் படத்தில் சேர்த்து, பெரிதாகச் சட்டமிட்டுக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்த பாட்டி, “ஏங்கண்ணு, எம்பையன் காலு தரையில படலியே?” என்று கேட்டார். அந்த மகன் அனுப்பியது அறைக்குள் ஃபிளாஷ் போட்டு எடுத்த படம். முழங்காலுக்குக் கீழே இல்லாததால் வேறொருவர் கால்களை நான் ஒட்டியிருந்தேன். உங்கள் கணவரிடம் முன்கூட்டியே இதையெல்லாம் சொல்லிவிடுங்கள்: ஃபிளாஷ் கூடாது, திறந்தவெளி நிழலில் நிற்க வேண்டும், பாதம் முழுவதும் தெரிய வேண்டும், படம் எடுக்கும் நண்பர் நீங்கள் குறித்த தூரத்திலும் உயரத்திலும் கேமராவைப் பிடிக்க வேண்டும். மற்றவர் தோள்மேல் கை போட்டது போன்ற பாவனையைத் தவிர்த்து, ஓரத்தில் சற்று இடைவெளி விட்டு நிற்பவராக அவரை அமைப்பது எளிது. படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

மகனைப் பறக்கவைத்து எடுக்க வேண்டும் என்ற ஆசையும் உங்களுக்கு வரும். ஸ்டூலின்மேல் வயிறு படியப் படுக்கவைத்து, ஒருவர் எப்போதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கையை அழிக்கத்தான் வெற்றுப் பின்னணிப் படம் ஒன்றை முன்பே எடுத்து வைக்கிறோம். பச்சிளங்குழந்தை தன் இரு கைகளில் முகவாயைத் தாங்கியிருப்பது போன்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும், தலையை ஒருவர் பிடித்திருக்க ஒன்றும், மணிக்கட்டைப் பிடித்திருக்க ஒன்றுமாக எடுத்து இணைக்கப்பட்டவை. கழுத்து நிற்காத குழந்தையை அப்படி உட்காரவைத்துக் கையை விட்டு எடுக்க ஒருபோதும் முயலாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இதையெல்லாம் நொடியில் செய்துவிடுமே என்று கேட்கலாம். பின்னணியில் ஒரு மின்கம்பியை நீக்க அவை போதும். முகத்தை அவற்றிடம் ஒப்படைத்தால் பல்லும் கண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, வேறு யாரோ ஒருவரின் பிள்ளை வந்து நிற்கும். பிள்ளைகளின் படங்களை முன்பின் தெரியாத செயலிகளில் ஏற்றுவதும் எனக்கு உடன்பாடில்லை.

வகுப்புக்கு இப்போது செலவு செய்ய வேண்டாம். பின்னால் சேர நினைத்தால், கற்றுக்கொடுப்பவர் தாமே எடுத்த மூலப் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். இணையத்தில் இறக்கிய பின்னணிகளை மட்டும் வைத்துப் பாடம் நடத்துபவரிடம் உங்களுக்கு வேண்டியது கிடைக்காது. அடுத்த முறை ஏற்காட்டுக்குப் போகும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு போவது சங்கடமாகத்தான் இருக்கும். மூட்டம் சில நிமிடங்களில் கலைந்துவிடும் என்பதால், ஸ்டூலோடு எடுத்த படத்துக்கும் ஸ்டூல் இல்லாத படத்துக்கும் இடையே நேரம் கடத்தாதீர்கள்.