லிஸ்டிங் தரவை யாரிடம் கேட்பது? மலையிலிருந்து நிரல் எழுதுபவர்களுக்குப் பதில்கள்

கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடியே ஒன்பது வருடமாக வீடு, நில விற்பனைத் தரவோடு, அதாவது விற்பனைக்கு வரும் வீடு, மனைகளின் விவரமான லிஸ்டிங்கோடு, மல்லுக்கட்டி வருகிறேன். பெரும்பாலும் அமெரிக்க வேலை, கொஞ்சம் நம் ஊர் வேலை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருந்து நிரல் எழுதும் நண்பர்கள் கேட்டவற்றை இங்கே சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.

குன்னூரிலிருந்து: அண்ணா, 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் தளங்களின் லிஸ்டிங்கை என் ஆப்பில் காட்ட வேண்டும். ஏபிஐ கீ எங்கே வாங்குவது?

ஏபிஐ என்பது ஒரு தளத்தின் தரவை இன்னொரு நிரல் நேராகக் கேட்டு வாங்கும் வழி, கீ அதற்கான அனுமதிக் குறியீடு. யார் வேண்டுமானாலும் பதிவு செய்து வாங்கும் கீ அங்கே கிடையாது, தம்பி. அவர்களுக்கு லிஸ்டிங்தான் மூலதனம். அதைச் சும்மா தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். விளம்பரம் போட்ட பில்டரும் புரோக்கரும் தங்களுக்கு வந்த விசாரணைகளை மட்டும் சொந்த மென்பொருளுக்குள் இழுத்துக்கொள்ள வழி உண்டு. நீங்கள் கேட்பதற்கு அது உதவாது. புரோக்கர்கள் எல்லோரும் சேர்ந்து போடும் ஒரே பொதுக் களஞ்சியம் நம் நாட்டில் இன்னும் உருவாகவில்லை. நம் சிக்கல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

ஊட்டியிலிருந்து, ஃப்ரீலான்ஸ் செய்பவர்: சார், டெக்சாஸில் ஒரு கிளையண்ட். அவர் ஊர் வீடுகள் எல்லாம் தன் தளத்தில் வர வேண்டும் என்கிறார். ஸில்லோ ஏபிஐ போதுமா?

அங்கே வீடு தேடும் பெரிய தளமான ஸில்லோ முன்பு திறந்து வைத்திருந்த ஏபிஐயை 2021-ல் மூடிவிட்டார்கள். பழைய பயிற்சி வீடியோக்களை நம்பி இறங்காதீர்கள்.

அமெரிக்காவில் தரவு இருப்பது எம்எல்எஸ் களஞ்சியங்களில். ஒவ்வொரு வட்டாரத்து ஏஜெண்டுகளும் தங்கள் கையில் உள்ள வீடுகளை ஒரே இடத்தில் போட்டுப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. நாடு முழுக்க ஏறக்குறைய 500 இருக்கின்றன. அதனால் கிளையண்டிடம் முதலில் கேளுங்கள்: "நீங்கள் எந்த எம்எல்எஸ்-ல் உறுப்பினர்?" அவர் உரிமம் பெற்ற புரோக்கராகவோ, அப்படி ஒருவரின் கீழ் வேலை செய்பவராகவோ இருந்தால்தான் கதவு திறக்கும். அதன்பின் ஐடிஎக்ஸ் எனப்படும் காட்சி அனுமதிக்கு ஒப்பந்தம் போட வேண்டும். நிரல் எழுதும் உங்களிடமும் கையெழுத்து கேட்பார்கள்.

கையெழுத்து முடிந்தால் தொழில்நுட்பம் சுலபம்தான். ரெட்ஸ் என்ற பழைய தரவுப் பரிமாற்ற முறையை, இந்தத் துறையின் தர விதிகளை வகுக்கும் ரெசோ அமைப்பு 2018-ல் கைவிட்டது. இப்போது இருப்பது ரெசோ வெப் ஏபிஐ. ஓடேட்டா என்ற முறையில் கேள்வி அனுப்பினால் ஜேசன் என்ற எளிய உரை வடிவில் பதில் வரும். புலங்களின் (விலை, பரப்பளவு போன்ற தகவல் கட்டங்களின்) பெயர்களுக்கும் பொது அகராதி இருக்கிறது. பல எம்எல்எஸ்-கள் பிரிட்ஜ், டிரெஸ்டில், ஸ்பார்க் போன்ற தளங்கள் வழியாகத்தான் தரவைத் தருகின்றன. எது என்று அவர்களே சொல்வார்கள்.

வழுக்கும் இடம் இனிமேல்தான். முதல்முறை முழுவதையும் இழுத்துவிட்டு, அப்புறம் 'மாடிஃபிகேஷன் டைம்ஸ்டாம்ப்' (கடைசியாக மாறிய நேரம்) பார்த்து மாறியதை மட்டும் இழுப்பது வழக்கம். என் முதல் வேலையில், கடைசியாக ஓடிய நேரத்தை என் கணினிக் கடிகாரத்தில் இருந்து எடுத்து அப்படியே அனுப்பினேன். அது இந்திய நேரம், அங்கே தரவு யுடிசி எனும் உலகப் பொது நேரம், நமக்கு ஐந்தரை மணி பின்னால். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடிய நிரல், ஒவ்வொரு ஓட்டத்திலும் ஐந்தரை மணி நேரத்து மாற்றங்களைத் தவறவிட்டது. கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. தரவிலேயே வந்த கடைசி நேரத்தைச் சேமித்து அதையே திருப்பி அனுப்புங்கள்.

இன்னொன்று, சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட வீடு பல இடங்களில் "மாறியது" என்று வராது. சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். அதனால் தினம் இருமுறை லிஸ்டிங் எண்களை மட்டும் முழுதாக இழுத்து, உங்களிடம் இருப்பவற்றோடு ஒப்பிட்டு, அங்கே இல்லாததை நீக்குங்கள். ஐடிஎக்ஸ் விதிப்படி 12 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது தரவைப் புதுப்பிக்க வேண்டும். வீட்டை லிஸ்ட் செய்த நிறுவனத்தின் பெயரையும் காட்ட வேண்டும். டெக்சாஸில் விற்ற விலையை அரசிடம் சொல்லும் கட்டாயம் இல்லை. எனவே பொதுப் பதிவேட்டிலிருந்து விற்பனை விலை எடுத்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அரவங்காட்டிலிருந்து, கல்லூரி மாணவி: ப்ராஜெக்ட்டுக்கு நிஜத் தரவு வேண்டும் சார். செலவு செய்ய முடியாது.

பிரிட்டனின் நிலப் பதிவுத் துறை வெளியிடும் 'பிரைஸ் பெய்ட் டேட்டா' எடுத்துக்கொள்ளம்மா. 1995 முதல் இங்கிலாந்து, வேல்ஸில் விற்ற வீடுகளின் விலை, அட்டவணையாகத் திறக்கும் சிஎஸ்வி கோப்பாக, இலவசமாக. மாதாமாதம் புதுப்பிக்கிறார்கள். இது விற்று முடிந்த விலைதான், விற்பனைக்கு இருக்கும் வீட்டின் பட்டியல் கிடையாது. ஆனால் தேடல், வரைபடம், விலைப்போக்கு எல்லாம் கட்டிப் பழக இதைவிட நல்ல தரவு எனக்குத் தெரிந்து இல்லை.

வெலிங்டனிலிருந்து: ஸ்க்ரேப் செய்தால் என்ன தப்பு? எல்லோரும் செய்கிறார்கள்தானே?

ஸ்க்ரேப் என்றால் தளத்தின் பக்கங்களிலிருந்து நிரல் வைத்துத் தரவை உருவி எடுப்பது. நானும் ஒரு காலத்தில் செய்தேன், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43, அனுமதியின்றி ஒரு கணினியிலிருந்து தரவை இறக்குவதையும் நகலெடுப்பதையும் இழப்பீட்டுக்கு உரியதாகச் சொல்கிறது. தளத்தின் நிபந்தனைகள் தனி. உரிமையாளரின் பெயரும் போன் எண்ணும் சேர்ந்து வந்தால் 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்துமா என்றும் பார்க்க வேண்டும்.

சட்டத்தை விட என்னை உறுத்துவது வேறொன்று. நான் அப்படி எடுத்துப் போட்ட ஒரு வீட்டைப் பார்க்க, கோவையிலிருந்து ஒரு குடும்பம் வயதான அம்மாவையும் கூட்டிக்கொண்டு பர்லியார் வளைவுகள் எல்லாம் ஏறி வந்தது. வீடு விற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த அம்மா வாந்தி எடுத்துச் சோர்ந்து காரில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே அந்த நிரலை நிறுத்தினேன்.

உதகையிலிருந்து: அரசுத் தளங்களில் ஏபிஐ உண்டா?

பார்க்க முடியும், மொத்தமாக இழுக்கும் வழி இல்லை. பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட்டில் வழிகாட்டி மதிப்பும் வில்லங்கமும் பார்க்கலாம். பட்டா, சிட்டாவுக்கு இ-சர்வீசஸ் தளம். மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்சாவை உடைக்கும் வேலைக்குப் போகாதீர்கள். சர்வே எண்ணைக் காட்டி, "இங்கே போய்ச் சரிபாருங்கள்" என்று இணைப்பு கொடுத்தாலே பயனருக்குப் பேருதவி. கட்டுமானத் திட்டங்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் தமிழ்நாடு ரெரா ஆணையத்தின் தளத்தில் பதிவான திட்டங்களின் பட்டியல் பொதுவில் இருக்கிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு வீட்டுக்கு மேல் உள்ள திட்டங்களுக்குத்தான் அந்தப் பதிவு கட்டாயம். மலையில் கைமாறும் தனி வீடும் பழைய பங்களாவும் அதில் வராது.

கொடைக்கானலிலிருந்து: இங்கே எல்லாமே புரோக்கர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் ஓடுகிறது, அண்ணா. அதை வைத்தே ஒரு ஆப் செய்யலாமா?

தாராளமாக. மலைக்குச் சரியான வழி அதுதான் என்று நினைக்கிறேன். பத்துப் புரோக்கர்களிடம் நேரில் பேசி, எழுத்தில் சம்மதம் வாங்கி, அவர்கள் பெயரோடு போடுங்கள். குழுவில் வரும் செய்தி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்:

"வில்பட்டி 18 சென்ட், வியூ சூப்பர், 6.5, டைட்டில் கிளியர், உடனே கூப்பிடவும்."

6.5 என்றால் சென்ட்டுக்கு ஆறரை லட்சமா, மொத்தமும் ஆறரை லட்சமா? புரோக்கருக்குத் தெரியும், நிரலுக்குத் தெரியாது. ஊகிக்க விடாமல் விலை, விலையின் அலகு என்று இரண்டு புலம் வையுங்கள். பரப்பளவைச் சதுர அடியில் சேமித்து, அவர் சொன்ன அலகையும் கூடவே வையுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்ட் 2,400. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட்.

ஒரே மனை ஏழு பேர் வழியாக ஏழு விலையில் வரும். போட்டோவை வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள், எல்லோரும் அதே மேகத்தைத்தான் படம் எடுக்கிறார்கள். வருவாய்க் கிராமமும் சர்வே உட்பிரிவு எண்ணும் சேர்ந்தால்தான் இரட்டைப் பதிவு பிடிபடும். சர்வே எண்ணை வெளியே காட்டப் புரோக்கர் தயங்கினால் உள்ளே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெருமாள்மலையில் இருப்பதையும் "கொடைக்கானல்" என்றே போடுவார்கள், அதனால் ஊரைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். கடைசியாக உறுதி செய்த தேதி கட்டாயம். 30 நாள் தாண்டினால் லிஸ்டிங் தானாக மறையட்டும்.

கூடலூரிலிருந்து: எங்கள் பக்கத்துக்கு வேறு ஏதாவது புலம் வேண்டுமா?

வேண்டும். "பட்டா உண்டு, இல்லை" என்ற ஒரு டிக் போதவே போதாது. 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு-17-ல் வரும், உரிமை இன்னும் முடிவாகாத நிலமா, தனியார் காடு வகையா, மசினகுடிப் பக்கம் என்றால் 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த யானை வழித்தடத்துக்குள் வருகிறதா என்பதெல்லாம் தனித்தனிப் புலங்கள். தெரியாவிட்டால் "சரிபார்க்கவில்லை" என்றே காட்டுங்கள். வெற்றிடத்தை "கிளியர்" என்று நிரப்பி ஒருவர் சேமிப்பைக் கரைத்துவிடாதீர்கள்.

கோத்தகிரியிலிருந்து: "5 கி.மீ. சுற்றளவில்" என்ற தேடல் சரியாக வரவில்லையே?

நேர்க்கோட்டில் அளக்கிறீர்கள். கோடநாடு காட்சிமுனையில் நின்றால் தெங்குமரஹாடா கிராமம் காலடியில் தெரியும். போக வேண்டுமென்றால் மலையிறங்கி, பவானிசாகர் சுற்றி, காட்டுக்குள் போய், மாயாறைக் கடக்க வேண்டும். யாரும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் சாலைத் தரவை, வழி கணக்கிடும் ஓஎஸ்ஆர்எம் மென்பொருளில் ஏற்றி, பயண நேரத்தை வைத்துத் தேட விடுங்கள். சாலை விடுபட்டிருந்தால் நீங்களே அந்த வரைபடத்தில் வரைந்து சேர்க்கலாம். எங்கள் தெருவை நான் அப்படித்தான் சேர்த்தேன்.