வேலிச் சுண்டையும் தக்காளியும் சொந்தமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் தக்காளியும் கத்திரியும் போடறோங்க. ஸ்கூல் போற பையன், கத்திரி தக்காளி மொளகா உருளை, ரோட்டோர ஊமத்தை எல்லாமே ஒரே குடும்பம்ங்கறான். நெஜமா? எல்லாம் நம்மூரு செடிதானா? வேலியில நிக்கற சுண்டைய வெட்டிரலாம்னு வீட்டுக்காரர் சொல்றாரு, வெட்டலாமா?
– ஒரு வாசகி

பதில்: பையன் சொன்னது சரிதாங்க. கத்திரிக் குடும்பம், புக்குல சொலானேசின்னு இருக்கும். சுமார் 2,700 வகை இருக்கு, அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டத்துலயும் முளைக்குது, ஆனா ரொம்ப அதிகமா இருக்கறது தென் அமெரிக்காவுலதான். அங்க அர்ஜென்டினாவுல 5.2 கோடி வருஷத்துக்கு முந்தின காய் ஒண்ணு பாறையில பதிஞ்சு கெடைச்சதா 2017ல அறிவிச்சாங்க, நம்ம சொடக்குத் தக்காளி மாதிரியே மேல காகிதக் கூடு மூடின காய்!

உருளை பெரு, பொலிவியா மலைக்காரன். தக்காளியும் அந்தக் கண்டத்துலருந்து மெக்சிகோ போயி பெருசா வளர்ந்து வந்தது. மொளகா 16ஆம் நூற்றாண்டுல போர்ச்சுகீசியரோட வந்து எறங்குச்சு, அதுவரைக்கும் நமக்குக் காரம்னா மிளகுதான், அதனாலதான் மிளகு மாதிரி காரமான காய்னு மிளகாய்னு பேரு வெச்சாங்க, உங்க பக்கத்துல மலையாளத்துல பாருங்க, முளகுன்னாலே இப்ப மொளகா, பழைய மிளகு பாவம் குருமுளகுன்னு பேர நீட்டிக்க வேண்டியதாப் போச்சு. கத்திரி மட்டும் ஆசியாக்காரி. பழைய தமிழ்ல வழுதுணங்காய், அந்தப் பேர மலையாளம் வழுதனங்கன்னு இன்னும் பத்திரமா வெச்சிருக்கு, நாமதான் விட்டுட்டோம். தூதுவளை, கண்டங்கத்திரியும் நம்ம மண்ணுதான்.

சுண்டையும் இதே குடும்பம்தான், அமெரிக்கா பக்கத்துலருந்து வந்தது, ஆனாலும் வெட்டாதீங்க. செடி பச்சையா இருக்கும்போதே திடீர்னு தொங்கிப் போகுமே, அந்த வாடல் நோய் சுண்டை வேரை அவ்வளவு சுலபமாத் தொடாது, அதனால சுண்டை நாத்து மேல கத்திரியை ஒட்டுக் கட்டி நடறாங்க. மாவுப்பூச்சி ஏறுனா மட்டும் அந்தக் கிளைய ஒடிச்சு எரிச்சிருங்க. தக்காளி போட்ட எடத்துலயே அடுத்து கத்திரியோ மொளகாவோ போடாதீங்க, ஒரே குடும்பம்ங்கறதால மண்ணுல இருக்கற நோய் அப்படியே தொத்திக்கும், நடுவுல சோளமோ பயறோ போடுங்க.

காலைல கத்திரிப் பூவுகிட்ட நின்னு கேளுங்க. பூவோட நடுவுல மஞ்சக் குழல் இருக்குல்ல, மகரந்தம் அதோட நுனியில இருக்கற சின்ன ஓட்டை வழியாத்தான் வெளிய வரும், கருவண்டு அதைக் கட்டிப் பிடிச்சு உடம்பை அதிர வெக்கும், ர்ர்ர்னு சத்தம் வரும், உப்புத் தூளாட்டம் கொட்டும். பெட்டியில வளக்கற தேனீக்கு இந்த வித்தை வராது. அதனால அந்த நேரத்துல மட்டும் மருந்தடிக்காதீங்க.

கேள்வி: மணத்தக்காளி விஷம்னு வாட்ஸாப்ல வந்துச்சே?
– ஒரு வாசகர், சித்தூர்

பதில்: அது பெல்லடோனாவப் பத்தினது, ஐரோப்பா பக்கத்துச் செடி, உங்க தோட்டத்துல மொளைக்கிறதில்ல. மணத்தக்காளிக் கீரைய நல்லா வேகவெச்சு சாப்பிடுங்க, பழுத்த பழம் சாப்பிடலாம், பச்சைக் காயை மட்டும் பிள்ளைங்க அப்படியே பறிச்சுத் திங்காமப் பாத்துக்கங்க. பயப்பட வேண்டியது ஊமத்தைக்குத்தான், அந்த முள்ளுக்காய்க்குள்ள இருக்கற விதை உசுருக்கே ஆபத்து, வீட்டுக்கிட்ட இருந்தா இன்னைக்கே கையில உறை போட்டு வேரோட பிடுங்கிருங்க.