மூட்டு வலிக்கு சி.பி.டி. எண்ணெய்: அம்மா வார்ஃபரின் எடுக்கிறாரே, கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். இதய வால்வு மாற்றியதால், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறார். வலி தாங்காதபோது கடையில் வாங்கிய வலி மாத்திரை போட்டுக்கொள்வார், வயிறு எரியும். தெரிந்தவர் ஒருவர் சி.பி.டி. எண்ணெய் கொடுத்திருக்கிறார். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்தது, ஆனால் போதை இல்லை, இயற்கையானது, வீக்கமும் வலியும் குறையும், பக்கவிளைவே கிடையாது என்கிறார். 10 மி.லி. குப்பி, 5 சதவீதம் என்று போட்டிருக்கிறது. தினமும் நாக்குக்கு அடியில் ஐந்து சொட்டு. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். குப்பி மூடியே இருக்கட்டும்.

அதைவிட அவசரமான விஷயம் ஒன்று உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்து போகிறது. வார்ஃபரின் எடுப்பவர் கடையில் வாங்கிய வலி மாத்திரை போடுகிறார். அது ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை என்றால், ஒரு மருந்து ரத்தம் உறையவிடாமல் தடுக்கிறது, இன்னொன்று இரைப்பையைப் புண்ணாக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். அந்த எரிச்சலை லேசாக எடுக்காதீர்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே அந்த மாத்திரை அட்டையை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சரி, சி.பி.டி.க்கு வருவோம்.

கஞ்சாச் செடியில் கன்னாபினாய்டு என்ற வகை வேதிப்பொருட்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. சி.பி.டி.யும் அவற்றில் ஒன்று. போதை தருவது டி.எச்.சி. என்பது. சி.பி.டி. அந்தப் போதையைத் தருவதில்லை. அந்த மட்டில் உங்கள் தெரிந்தவர் சொன்னது சரி. ஆய்வகத்தில் அது அழற்சியைக் குறைக்கிறது என்பதும் உண்மைதான். மூட்டழற்சி உண்டாக்கிய எலிகளின் தோலில் சி.பி.டி. களிம்பு பூசியபோது வீக்கம் இறங்கியதாக 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. விற்பவர்கள் அந்த எலியோடு கதையை நிறுத்திவிடுவார்கள்.

மனிதர்களிடம் வந்தபோது விஷயம் வேறு. டென்மார்க்கில், கை மூட்டுத் தேய்மானமோ சொரியாசிஸ் மூட்டழற்சியோ உள்ள 136 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்கு தினமும் 20 முதல் 30 மி.கி. சி.பி.டி.யும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் முடிவு வந்தது: இரண்டு தரப்புக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. அளவு போதவில்லையோ என்று கேட்பீர்கள். வியன்னாவில் முழங்கால் தேய்மானக்காரர்களுக்கே, அதாவது உங்கள் அம்மாவின் அதே நோய்க்கு, பாரசிட்டமாலோடு சேர்த்து தினமும் 600 மி.கி. கொடுத்தார்கள். 2023-இல் வெளியான அந்த ஆய்விலும் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. பக்கவிளைவுதான் கூடியது.

இப்போது உங்கள் குப்பியைக் கணக்குப் பார்ப்போம். 10 மி.லி.யில் 5 சதவீதம் என்றால் குப்பி முழுவதற்கும் 500 மி.கி. ஒரு மி.லி.க்கு சுமார் 20 சொட்டு, ஆக 200 சொட்டு. ஒரு சொட்டில் 2.5 மி.கி. ஐந்து சொட்டு 12.5 மி.கி. வியன்னா நோயாளி ஒரே நாளில் எடுத்தது உங்கள் முழுக் குப்பியைவிட அதிகம், அவருக்கும் கேட்கவில்லை. அப்புறம், நாக்குக்கு அடியில் விட்டதில் பெரும்பகுதி எச்சிலோடு வயிற்றுக்குத்தான் போகும். வெறும் வயிற்றில் விழுங்கும் சி.பி.டி.யில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் ரத்தத்தில் சேரும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் அது நாலு மடங்குக்கு மேல் ஏறிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தை நினைவில் வையுங்கள், வார்ஃபரினில் வந்து இடிக்கப்போவது இதுதான்.

"எனக்குக் கேட்டது" என்று சொல்பவர்களை நானும் தினம் பார்க்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. தேய்மான வலி ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் குப்பி வாங்கத் தோன்றும். அடுத்த வாரம் தானாகவே கொஞ்சம் இறங்கும், பெயர் குப்பிக்குப் போகும். கன்னாபினாய்டு ஆய்வுகளில் வெற்று மருந்து எடுத்தவர்களுக்கே வலி நன்றாகக் குறைந்திருக்கிறது.

இனி வார்ஃபரின். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நாம் விழுங்கும் மருந்துகளை உடைத்து வெளியேற்ற கல்லீரலில் நொதிகள் உண்டு. வார்ஃபரின் வெளியேறும் அதே வாசலில் சி.பி.டி. போய் நின்று வழியை மறிக்கிறது. வார்ஃபரின் உடம்பிலேயே தங்குகிறது. நீங்கள் மாத்திரையைக் கூட்டவே இல்லை, ஆனால் கூட்டியது போல ஆகிறது. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு ஏறும். முதலில் வெளியே ஒன்றும் தெரியாது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம், எங்கே இடித்தோம் என்றே தெரியாத நீலத் திட்டு, சிறுநீரில் சிவப்பு என்று பிறகு வரும். சில சமயம் அவை எதுவும் வராமல் நேராகத் தலைக்குள் கசியும். வலிப்பு நோய்க்காக சி.பி.டி. எடுத்த ஒருவருக்கு, அளவு கூடக் கூட ஐ.என்.ஆர். ஏறிக்கொண்டே போய், வார்ஃபரினை ஏறக்குறைய 30 சதவீதம் குறைக்க வேண்டியிருந்தது என்று மருத்துவப் பதிவு இருக்கிறது. அவர் மருத்துவர்களின் கண்காணிப்பில் இருந்ததால் கண்டுபிடித்தார்கள். வீட்டில் சொட்டு விடுபவருக்கு யார் கண்டுபிடிப்பார்கள்?

"அது அதிக அளவு, இது வெறும் 12.5 மி.கி.தானே" என்று உங்கள் தெரிந்தவர் சொல்லலாம். சரி, ஒப்புக்கொள்கிறேன், சிறிய அளவில் மோதலும் சிறியதாக இருக்கலாம். ஆனால் நடப்பது என்ன? ஐந்து சொட்டில் கேட்காது. பத்து விடுங்கள் என்பார். பிறகு இருபது. பிறகு "10 சதவீதக் குப்பி வந்திருக்கிறது". கேட்கும் அளவைத் தேடி ஏறிக்கொண்டே போய் மோதும் அளவில் நிற்பீர்கள். இதற்கிடையில் ஒரு நாள் வெறும் வயிற்றில், ஒரு நாள் சாப்பாட்டோடு. வார்ஃபரின் சீரான வாழ்க்கை கேட்கும் மருந்து, இப்படித் தாறுமாறாக எதையும் சேர்த்தால் அதற்கு ஒத்துக்கொள்ளாது. இதில் பயந்துபோய் அம்மா வார்ஃபரினை நிறுத்திவிடவும் கூடாது. மாற்றிய வால்வில் ரத்தக்கட்டி உருவானால் அது பக்கவாதத்தில் போய் முடியலாம். வேறு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்து நிம்மதி அடைய வேண்டாம். அவற்றில் புதிய வகை மாத்திரைகளுக்கு வழக்கமாக ஐ.என்.ஆர். பார்ப்பதே இல்லை, ரத்தத்தில் மருந்து ஏறினாலும் தெரியாது.

'இயற்கை' என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவின் வார்ஃபரினுக்கு மூதாதை எது தெரியுமா? பூசணம் பிடித்த தீவனச்செடி. 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்குப் பகுதிகளிலும் அதைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. காரணத்தைத் தேடிப் போய்த்தான் இந்த மருந்துக் குடும்பமே கிடைத்தது. அதுவும் இயற்கைதான்.

குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஒருவர் தன் குப்பியை என் மருந்தக ஜன்னலில் கொண்டுவந்து வைத்தார். முன்பக்கம் பச்சை இலைப் படம், பெரிய எழுத்தில் 1000. ஆயிரம் எது, மில்லிகிராமா, வேறு ஏதாவதா என்று எங்கும் இல்லை. பின்பக்கம் திருப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். ஒரே ஒரு பொருள்: கன்னாபிஸ் சட்டைவா சீட் ஆயில். விதை எண்ணெய். அந்தச் செடியின் விதையில் சி.பி.டி. கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அது பூவிலும் இலையிலும் இருக்கிறது. மனிதர் நாலு மாதமாகச் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக நாக்குக்கு அடியில் விட்டிருக்கிறார். விற்றவரிடம் கேட்டதற்கு, "உடம்பு பழக இன்னும் இரண்டு குப்பி ஆகும்" என்றாராம்.

இன்னொரு வேடிக்கை, ஹெம்ப் என்பதைச் 'சணல்' என்று தமிழாக்கி விற்பது. சாக்கு நெய்யும் சணல் வேறு குடும்பத்துச் செடி. ஹெம்ப் என்பது டி.எச்.சி. குறைந்த கஞ்சாச் செடி, அவ்வளவுதான். கஞ்சா என்று சொன்னால் அம்மா தொடமாட்டார் என்று தெரிந்தேதான் சணல் என்கிறார்கள்.

உண்மையிலேயே சி.பி.டி. உள்ள குப்பிகளாவது சொன்னபடி இருக்கின்றனவா? அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 பொருட்களை வாங்கிச் சோதித்தார்கள், 2017-இல். அட்டையில் போட்டபடி இருந்தவை 26 மட்டும். மற்றதில் கூடுதல், குறைச்சல். 18-இல் டி.எச்.சி.யும் இருந்தது. வேலைக்கான போதைப் பரிசோதனையில் மாட்டிக்கொள்ள அந்தத் துளி போதும். தள்ளாடும் வயதில் தலைசுற்றி விழவும் போதும். சோதனைச் சான்றிதழ் காட்டுகிறேன் என்பார்கள். அதில் உள்ள தொகுதி எண் குப்பியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் என்றோ, எதற்கோ எடுத்த ஒரே தாள், எல்லாக் குப்பிக்கும் அதே தாள். அந்தச் செடி மண்ணில் உள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சக்கூடியது. அவற்றைச் சோதித்த வரி இல்லாத சான்றிதழ் எனக்கு வெறும் காகிதம்.

பக்கவிளைவே இல்லை என்கிறவருக்கு: அபூர்வமான சில வலிப்பு நோய்களுக்காக 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சி.பி.டி. மருந்து ஒன்று உண்டு. அதன் தாளிலேயே தூக்கக் கலக்கம், வயிற்றுப்போக்கு, கல்லீரல் நொதி உயர்வு என்று எழுதி, ரத்தம் சோதித்துக்கொண்டே கொடுக்கச் சொல்கிறார்கள். அதே பொருளை அழகான குப்பியில் ஊற்றியதும் பக்கவிளைவு பறந்துவிடுகிறதாம்.

இதற்கெல்லாம் விற்பவரை மட்டும் திட்டிப் பயனில்லை. மருந்தாகவும் இல்லாமல் உணவாகவும் இல்லாமல் இதை நடுத்தெருவில் விட்டவர்கள் அதிகாரிகள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023 ஜனவரியில், இருக்கிற உணவு விதிகள் சி.பி.டி.க்குப் பொருந்தாது, புது வழி வேண்டும் என்று கையை விரித்தது. பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு ஆரோக்கியமான பெரியவர்களுக்கே நாளுக்கு 70 மி.கி. என்று சொல்லியிருந்ததை 2023 அக்டோபரில் 10 மி.கி. ஆக்கியது, உங்கள் குப்பியில் நாலு சொட்டு. மருந்து எடுப்பவர்கள் தொடவே வேண்டாம் என்றும் சொல்கிறது. அது அட்டையில் எத்தனை பெரிய எழுத்தில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இன்னொரு பக்கம் எங்கள் ஆட்கள். சி.பி.டி. என்று வாயைத் திறந்தால் "கஞ்சாவா?" என்று சிரிக்கும் டாக்டரிடம் எந்த நோயாளி உண்மை சொல்வார்? மறைத்துக்கொண்டு எடுப்பார். நாலு நிமிட ஆலோசனையில் முழங்கால் வலியை யாரும் கேட்டுக்கொள்வதில்லை. பொறுமையாக அரைமணி நேரம் கேட்பவர் குப்பி விற்பவர் மட்டும்தான். அவர் பிழைப்பு அதில் ஓடுகிறது.

வலிக்கு என்ன செய்வது? முழங்கால் தேய்மானத்தில் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லித்தர வேண்டும். எடை கூடுதலாக இருந்தால் குறைப்பதும் உதவும். பாரசிட்டமால் வார்ஃபரினோடு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது, ஆனால் தினமும் முழு அளவு எடுத்தால் அதுவும் ஐ.என்.ஆர்.ஐ ஏற்றலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுக்கட்டும். மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் ரத்தத்தில் மாத்திரை அளவுக்குச் சேராது. அது அம்மாவுக்குச் சரிப்படுமா என்று அதே சந்திப்பில் கேளுங்கள்.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒன்று. கடிதம் என் கைக்கு வருவதற்குள் அம்மா சில நாள் அந்தச் சொட்டை எடுத்தே பார்த்திருக்கலாம். அப்படியானால் திட்ட வேண்டாம். என்றைக்குத் தொடங்கினார், எத்தனை சொட்டு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, குப்பியையும் பையில் போட்டு, நாளைக்கே போய் ஐ.என்.ஆர். பாருங்கள். சொட்டை நிறுத்திய பிறகு ஐ.என்.ஆர். மறுபடி இறங்கும் என்பதால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.