நறுமண எண்ணெயில் வேலை செய்வது எந்தச் சேர்மம்?

கேள்வி: தைம் என்ற மூலிகையின் இலைகளிலிருந்து நீராவி வடிப்பில் எடுத்த எண்ணெயை டிஸ்க் முறையில் (எண்ணெய் தோய்ந்த தாள் வட்டை அகார் என்ற கூழ் ஊடகத்தின் மேல் வைத்து) பாக்டீரியாவுக்கு எதிராகச் சோதித்தேன். முதலில் பாக்டீரியா வளராத தடை வளையம் 18 மி.மீ. கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து, அதே எண்ணெயில் 11 மி.மீ. மட்டுமே. ஜி.சி.-எம்.எஸ். (கலவையிலுள்ள சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காட்டும் கருவி) அறிக்கையில் நாற்பதுக்கும் மேற்பட்ட சேர்மங்கள் உள்ளன. அதிக அளவில் இருக்கும் தைமாலே காரணம் என்று எழுதலாமா? (முதுகலை மாணவர்)

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம். உங்கள் எண்ணெயும் மாறியிருக்கக்கூடும். அதை அளந்த முறையும் இந்தப் பொருளுக்கு ஏற்றதன்று.

டிஸ்க் முறை, நீரில் கரைந்து அகாரில் சீராகப் பரவும் ஆன்டிபயாடிக்குகளுக்குப் பொருந்துவது. நீருடன் கலவாத எண்ணெய் அகாரில் சரிவரப் பரவுவதில்லை. அதற்குள் ஒரு பகுதி ஆவியாகியும் விடுகிறது. எனவே வளையத்தின் விட்டம் எண்ணெயின் வீரியத்தை மட்டுமன்றி, அது எவ்வளவு பரவியது, எவ்வளவு தப்பிப்போனது என்பவற்றையும் சேர்த்தே காட்டுகிறது. நுண்குழித் தட்டில் திரவ ஊடகத்தைக் கொண்டு குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைக் (வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவு) கண்டறியுங்கள். ட்வீன் 80 போன்ற பால்மமாக்கியைச் சேர்த்தால், அது மட்டும் உள்ள குழிகளையும் தவறாமல் வையுங்கள். எண்ணெயின் ஆவி பக்கத்துக் குழிகளுக்கும் செல்லும் என்பதால் தட்டை ஒட்டுத்தாளால் மூடி, எண்ணெய் சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழிகளைத் தள்ளியே அமையுங்கள். கட்டுப்பாட்டுக் குழியிலும் வளர்ச்சி நின்றதைக் கண்டு ஊடகத்தைப் பழித்தவர்கள் உண்டு. ஆவியின் செயல்தான் உங்கள் ஆர்வம் என்றால், பெட்ரி தட்டின் மூடியில் எண்ணெய் தோய்ந்த தாளை வைத்துத் தட்டைக் கவிழ்த்து வைக்கும் எளிய முறை இருக்கிறது.

அடுத்து, எண்ணெயின் வயது. தைம் எண்ணெயிலுள்ள காமா-டெர்பினீன், காற்றும் ஒளியும் பட்டால் மெல்ல பாரா-சைமீனாக மாறுகிறது. லிமோனீன் ஆக்சிஜனேற்றமடைந்து தரும் ஹைட்ரோபெராக்சைடுகளோ தோலில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. பழைய எண்ணெயை மறுபடி ஜி.சி.யில் செலுத்திப் பாருங்கள். காமா-டெர்பினீன் குறைந்து பாரா-சைமீன் கூடியிருந்தால், இரண்டு முறையும் நீங்கள் சோதித்தது ஒரே எண்ணெய் அன்று. இனி வண்ணக் கண்ணாடிக் குப்பியில், மேலே காற்றுக்கு இடம் விடாமல் நிரப்பிக் குளிரில் வையுங்கள்.

அறிக்கையில் உள்ள பெயர்களையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. தைமாலும் கார்வக்ரோலும் ஒரே மூலக்கூற்று வாய்பாடு கொண்ட மாற்றியங்கள்; இரண்டின் நிறை நிறமாலையிலும் 135, 150 ஆகிய முகடுகளே ஓங்கி நிற்பதால், கணினியின் நூலக ஒப்பீடு ஒன்றை மற்றொன்றாகச் சொல்லிவிடக்கூடும். நேர்சங்கிலி ஆல்கேன்களைச் செலுத்தித் தக்கவைப்புக் குறியீட்டைக் (சேர்மம் வெளிவரும் நேரத்தை ஆல்கேன்களுடன் ஒப்பிட்டுத் தரும் எண்) கணக்கிட்டால் குழப்பம் தீரும்: ஜி.சி.யின் முனைவற்ற தூணில் (சேர்மங்களைப் பிரிக்கும் குழாய்) தைமால் ஏறத்தாழ 1290-லும், கார்வக்ரோல் ஏறத்தாழ 1300-லும் வரும். முகட்டுப் பரப்பின் சதவீதம் உண்மையான செறிவு அன்று என்பதையும் நினைவில் வையுங்கள். செறிவு தேவைப்பட்டால் உள்தரப் பொருளுடன் (தெரிந்த அளவில் சேர்க்கும் ஒப்பீட்டுச் சேர்மம்) அளவீடு செய்ய வேண்டும்.

இனி உங்கள் மையக் கேள்வி. அதிகம் இருப்பதே செயல்படுகிறது என்பது வசதியான ஊகம், அவ்வளவே. பாரா-சைமீன் தனித்து நின்றால் மிக வலுவற்றது. ஆனால் பாக்டீரியாவின் சவ்வை வீங்கச் செய்து கார்வக்ரோலின் வேலையை எளிதாக்குகிறது. ஆகவே, தூய சேர்மங்களை அளந்த விகிதத்தில் கலந்து ஒரு செயற்கை எண்ணெயைத் தயாரித்து, இயற்கை எண்ணெயுடன் ஒப்பிடுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு சேர்மத்தை விட்டுவிட்டுச் சோதியுங்கள். தைமாலை நீக்கியதும் செயல் சரிந்தால் உங்கள் கூற்றுக்குச் சான்று கிடைத்துவிட்டது. இரு சேர்மங்களின் கூட்டுச் செயலைச் சொல்ல விரும்பினால், பின்னத் தடுப்புச் செறிவுக் குறியீடு (ஒவ்வொரு சேர்மத்துக்கும் கலவையில் தேவைப்படும் தடுப்புச் செறிவைத் தனித்துத் தேவைப்படும் செறிவால் வகுத்துக் கூட்டிய எண்) 0.5 அல்லது அதற்குக் கீழ் இருக்கும்போது மட்டும் ஒருங்குவலு (சினெர்ஜி) என்று எழுதுங்கள்.

தூய சேர்மங்களை வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. தைமாலுக்கு ஆடி எதிருரு (கண்ணாடிப் பிம்பம் போன்ற இணை வடிவம்) இல்லை, லினலூல் என்ற நறுமணச் சேர்மத்துக்கு உண்டு. செடியில் பெரும்பாலும் ஒரு வடிவம் மிகுந்திருக்க, செயற்கை லினலூல் பொதுவாக இரண்டின் சமக் கலவையாகவே வருகிறது. உங்கள் எண்ணெயில் லினலூல் கணிசமாக இருந்தால், இவ்விரு வடிவங்களைப் பிரிக்கும் கைரல் தூணில் அதைப் பிரித்துப் பார்த்த பிறகே எந்த வடிவத்தை வாங்குவது என்று முடிவு செய்யுங்கள்.