சாவடி கட்ட ஆசைப்பட்ட அம்மா – கடிதம்

அன்புள்ள சார்,

வேலை விஷயமாக இரண்டு வருடம் காத்மாண்டுவில் இருந்தபோது நேபாளி வாசிக்கப் பழகினேன். இப்போது இணையத்தில் வரும் நேபாளிக் கதைகளைத் தினமும் படிக்கிறேன். கதைக்குக் கதை ஒரே அம்மா. மகன் கத்தாரில் இருப்பான். அவள் வீடியோ காலில் "சாப்பிட்டாயா" என்று கேட்பாள், கடைசிப் பத்தியில் செத்துப்போவாள். நேபாளி இலக்கியத்தில் அம்மா என்றால் இவ்வளவுதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

காத்திருக்கும் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்று திபெத்தின் லாசா, பிறகு கூர்க்கா பட்டாளம், இன்று மலேசியாவும் வளைகுடாவும் என்று ஆண்கள் போய்க்கொண்டே இருக்கும் நாடு அது. வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவி பொய்யில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று எழுதுகிறவர்கள் கேட்பதில்லையே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

நேபாளிக் கவிஞர் லட்சுமி பிரசாத் தேவ்கோட்டா கேட்டார். 1936இல் வந்த 'முனா மதன்' காவியத்தில் மதன் லாசாவுக்குக் கிளம்பும்போது காரணம் சொல்கிறான். அம்மாவின் தொண்டை நனைய இரண்டு மடக்குப் பால் வேண்டும். அவள் ஆசைப்பட்டபடி வழிப்போக்கருக்கு ஒரு சாவடியும் தண்ணீர்த் தாரையும் கட்டவேண்டும். மலைப்பாதையில் சுமையோடு ஏறியவர்களுக்கு அந்த இரண்டின் அருமை தெரியும். தனக்கே பாலில்லாத கிழவி, முகம் தெரியாதவர்களின் தாகத்தை நினைத்திருக்கிறாள்! மதன் அவளையும் மனைவி முனாவையும் இழக்கிறான். ஆனால் அந்த ஆசையால்தான் அந்த அம்மா என் மனதில் நிற்கிறாள், சாவால் அல்ல.

குருபிரசாத் மைனாலியின் 'நாசோ' சிறுகதையையும் படியுங்கள். பிள்ளையில்லாத சுபத்ராவின் கையில், சாகக்கிடக்கும் சக்களத்தி தன் மகனை ஒப்படைக்கிறாள். நாசோ என்றால் அடைக்கலப் பொருள். நல்ல கதைதான், என்றாலும் பிள்ளை கைக்கு வந்தபிறகே சுபத்ராவுக்கு அந்த வீட்டில் இடம் கிடைப்பது என்னை உறுத்துகிறது.

பி.பி. கொய்ராலாவின் 'தீன் கும்தி' (1968) நாவலின் நாயகி இந்திரமாயா வேறு மாதிரி. கணவன் சிறையில் இருக்கும்போது இன்னொருவனின் குழந்தையைப் பெற்றுக்கொள்கிறாள். கடைசியில் கணவன் வீட்டையும் விட்டுப் போகிறாள். தாய்மை அங்கே அவள் எடுத்த முடிவு.

இன்று நேபாள கிராமங்களில் 'ஆமா சமூஹ' என்று அம்மாக்களின் குழுக்கள் இருக்கின்றன. பணம் சேர்க்கிறார்கள், பாதையைச் செப்பனிடுகிறார்கள், சாராயத்தை எதிர்த்துத் தெருவில் இறங்குகிறார்கள். கத்தார் மகனின் அம்மாவும் போனை வைத்துவிட்டு அந்தக் கூட்டத்துக்குத்தான் போவாள். அவளைப் பற்றிய கதை ஏதாவது கண்ணில் பட்டால் அவசியம் அனுப்புங்கள்.